ஐ.டி.யில் மேற்படிப்பு: சேரலாமா, எதில் சேரலாம், எப்படிச் சேரலாம்?

இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்காகவும், ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடியும் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இதை எழுதுகிறேன். எம்.சி.ஏ. போடலாமா, எம்.இ. போடலாமா, வேலைக்கே போய்விடலாமா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவருக்கு ஒரு பதில், பி.இ., பி.டெக். முடித்தவருக்கு வேறு பதில். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "பி.ஜி. படிச்சா நல்லது" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையால்தான் பலருடைய இரண்டு ஆண்டுகள் வீணாகின்றன.

படி 1: பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும் வேலை உங்கள் மனதில் இருக்கிறதா?

கல்லூரிகளின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். சில வேலைகளுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று விதியே இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யோடு எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும்; இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்த முதுநிலையில் 55 சதவீதமும், அதன் மேல் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேர்ச்சியோ பிஎச்.டி.யோ கேட்பார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை நிலையிலான கணினி பயிற்றுநர் பணிக்கு முதுநிலையோடு பி.எட். தேவை.

பி.எஸ்ஸி. படித்தவர்கள் பலர் கவனிக்காத ஒன்று பொதுத்துறை வங்கிகளின் ஐ.டி. அதிகாரி பணி. ஐ.பி.பி.எஸ். நடத்தும் அந்தத் தேர்வுக்கு நான்கு ஆண்டு பொறியியல் பட்டமோ கணினி சார்ந்த முதுநிலைப் பட்டமோ கேட்கிறார்கள். மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. எம்.சி.ஏ. முடித்தால் முடியும். தனியார் நிறுவனங்களின் அறிவிப்புகளிலும் "பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி." என்று ஒரே வரியில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பி.சி.ஏ., பி.எஸ்ஸி.க்குப் பெரும்பாலும் தனித் தேர்வு, தனிச் சம்பளம்.

ஆகவே மூன்று ஆண்டுப் பட்டம் முடித்தவர்களுக்கு என் கருத்து தெளிவானது. வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தால் எம்.சி.ஏ. படியுங்கள். அந்த இரண்டு ஆண்டு உங்களைப் பொறியியல் பட்டதாரிகள் நிற்கும் வரிசைக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ முடித்தவர்களின் நிலை வேறு. மென்பொருள் எழுதும் வேலைக்கு உங்களிடம் இருக்கும் பட்டமே போதும். பொதுத்துறை நிறுவனங்கள் கேட் (GATE என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து ஆளெடுக்கும்போதும் பி.இ.யைத்தான் கேட்கின்றன. ஆராய்ச்சி, கற்பித்தல், அல்லது இளநிலையில் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு வந்த ஒரு துறையை ஆழமாகக் கற்பது என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தால் எம்.இ., எம்.டெக். போங்கள். "கேம்பஸில் கிடைக்கவில்லை, சும்மா இருக்க வேண்டாமே" என்று பக்கத்துக் கல்லூரியில் கேட் இல்லாமல் எம்.இ. சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பல கல்லூரிகளில் எம்.இ. இடங்கள் நிரம்புவதே இல்லை; அந்த வகுப்புகளைத் தேடி நிறுவனங்களும் வருவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து நேர்முகத்தில் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் ஆறு மாதம் டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் போட்டுப் பழகி, ஒன்றிரண்டு ப்ராஜெக்டை முழுமையாகச் செய்து, ஆஃப்-கேம்பஸில் முயல்வதே மேல்.

படி 2: எந்தப் பட்டம்?

எம்.சி.ஏ. முன்பு மூன்று ஆண்டு. 2020-21 முதல் இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பி.காம்., பி.பி.ஏ. முடித்து வருபவர்கள் இதை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கவுன்சலிங் நாளில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., டேட்டா சயின்ஸ் ஆகியவற்றை அரசு கலைக் கல்லூரிகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். நெட், பிஎச்.டி. வழியில் போக இதுவே போதும். கேம்பஸ் வேலையைப் பொறுத்தவரை பெரும்பாலான இடங்களில் எம்.சி.ஏ.க்கு ஆதரவு அதிகம். இதற்கு விதிவிலக்கு சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம், எல்லாரும் சி.எம்.ஐ. என்று சொல்லும் நிறுவனம். அங்குள்ள எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸும் எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸும் நாட்டின் தரமான படிப்புகளில் சேர்த்தி. கணிதத்தில் ஆசையும் உழைப்பும் இருக்கும் பி.எஸ்ஸி. மாணவர் அதன் நுழைவுத் தேர்வை எழுதாமல் விடக்கூடாது. சென்னைக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு இடம் இருப்பது நம் மாவட்டக் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எம்.இ., எம்.டெக். பொறியியல் பட்டதாரிகளுக்கானது, எம்.சி.ஏ. முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஐ.ஐ.டி.களில் இதற்குப் பக்கத்திலேயே எம்.எஸ். என்று ஒரு ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது. பாடங்கள் குறைவு, ஆய்வேடு பெரிது, முடிக்கக் கூடுதல் காலம் ஆகலாம். கேட் மதிப்பெண்ணை வைத்து அழைத்து, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைத்து எடுப்பார்கள். எம்.டெக். கட்-ஆஃபைத் தொட முடியாதவர்கள் நேர்முகத்தில் திறமை காட்டி உள்ளே போக இது நல்ல வழி. சென்னை ஐ.ஐ.டி.யில் சேர நினைப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

படி 3: படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

"ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ்" என்று பலகை வைக்காத கல்லூரி இன்று அரிது. பலகை எதையும் சொல்லாது. கல்லூரியின் இணையதளத்தில் ரெகுலேஷன் என்ற பெயரில் முழுப் பாடத்திட்டமும் இருக்கும், இறக்கிப் படியுங்கள். லீனியர் ஆல்ஜிப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல் மூன்றும் முதல் பருவத்திலேயே கனமாக இருந்தால்தான் மெஷின் லேர்னிங் பாடத்துக்கு அடித்தளம் இருக்கிறது என்று பொருள். அவை இல்லாமல் நேராக டீப் லேர்னிங் என்று போட்டிருந்தால், மென்பொருள் தொகுப்புகளை இயக்கக் கற்றுக்கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு இரண்டு ஆண்டும் பட்டமும் தேவையில்லை.

அடுத்து ப்ராஜெக்ட். எம்.இ.யில் கடைசி இரண்டு பருவத்திலும் ப்ராஜெக்ட் இருக்கும். அதை யார் வழிநடத்துவார்? துறையின் ஆசிரியர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் கூகுள் ஸ்காலரிலும் டி.பி.எல்.பி. என்ற கணினி அறிவியல் கட்டுரைப் பட்டியலிலும் தேடுங்கள். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார், எந்த மாநாட்டில் வெளியிட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். உங்களுக்குப் பிடித்த துறையில் வேலை செய்யும் ஆசிரியர் இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும். ஒருவர்தான் என்றால், அவர் விடுப்பில் போனாலோ வேறு இடத்துக்கு மாறினாலோ உங்கள் திட்டம் கலைந்துவிடும்.

மூன்றாவதாக, அங்கே இப்போது படிக்கும் சீனியர் இருவரிடம் லிங்க்ட்இன் வழியாகப் பேசுங்கள். பொத்தாம்பொதுவாக "காலேஜ் எப்படி அண்ணா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும். பாடத்திட்டத்தில் போட்டிருக்கும் விருப்பப் பாடங்களில் உண்மையில் எத்தனை நடத்துகிறார்கள், கேம்பஸுக்கு வரும் நிறுவனங்களில் எவை எம்.இ.யையும் எம்.சி.ஏ.வையும் உட்காரவிடுகின்றன, ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வெளியே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் கையேட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சம்பளம் பெரும்பாலும் இளநிலை மாணவர் ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கும். உங்கள் வகுப்பின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) என்ன என்பதுதான் தெரிய வேண்டியது.

படி 4: நுழைவுத் தேர்வுகள்

எல்லாவற்றிலும் பெரியது கேட். இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் முறை வைத்து நடத்துகின்றன. பெரும்பாலும் பிப்ரவரியில் தேர்வு. முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம். இளநிலையின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். பொது அறிவுத்திறனுக்கு 15 மதிப்பெண், கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் பொறியியல் கணிதத்துக்கு 13, மீதி துறைப் பாடம். கணிதமும் அறிவுத்திறனும் மட்டுமே 28. மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் கைக்கு வரக்கூடிய மதிப்பெண் இது; ஆனாலும் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு கம்பைலரோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு விடை மட்டும் சரியாக இருக்கும் கேள்விகளில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பல விடை சரியாக இருக்கக்கூடிய கேள்வியிலும், எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்வியிலும் குறைப்பு கிடையாது. அவற்றில் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் வரும் கால்குலேட்டரைச் சுட்டியால்தான் அழுத்த வேண்டும். வீட்டிலேயே அதில் பழகிக்கொள்ளுங்கள். 2024 முதல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கு டி.ஏ. என்று தனித் தாளும் வந்திருக்கிறது. வேறு பொறியியல் துறையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு அது ஏற்றது, ஏனென்றால் அதில் நிகழ்தகவுக்கும் லீனியர் ஆல்ஜிப்ராவுக்கும்தான் அதிக இடம்.

படிக்கப் பணம் கட்டிப் பயிற்சி மையம் போகத்தான் வேண்டும் என்றில்லை. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இலவசம், சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. பழைய கேள்வித்தாள்கள் கேட் இணையதளத்திலேயே இருக்கின்றன. பத்து ஆண்டுத் தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி வேறில்லை.

கேட் மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி.களுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இடம் ஒதுக்கீடு கோப் என்ற பொதுத் தளம் வழியாக நடக்கும். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. கவுன்சலிங். இரண்டும் வேறு வேறு. ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிந்ததாகாது.

கேட் தகுதியோடு முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதம் வரை கிடைக்கும். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற கல்லூரிகளில் அந்த அமைப்பே தருகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் வாரம் 8 மணி நேரம் ஆய்வக வேலையோ விடைத்தாள் திருத்தமோ செய்ய வேண்டியிருக்கும். கேட் இல்லாமல் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது. ஒரு தேர்வை எழுதாததால் கைவிட்டுப் போகும் தொகை கிட்டத்தட்ட மூன்று லட்சம்.

தமிழ்நாட்டுக்குள் எம்.இ.க்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வு 2023 முதல் இருக்கிறது. எம்.சி.ஏ.க்கு டான்செட். கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களும் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இந்தக் கவுன்சலிங்கில் வரும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களுக்குக் கட்-ஆஃப் கடுமையாக இருக்கும். திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. வேண்டுமென்றால் நிம்செட் எழுத வேண்டும். அதன் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் மேல் கணிதம்தான். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர்கள் இங்கே பி.சி.ஏ. மாணவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு.

படி 5: சாதிச் சான்றிதழை இப்போதே சரிசெய்யுங்கள்

சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் நம் மாணவர்கள் மத்திய அரசு நிறுவனங்களில் இடத்தைத் தவறவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்களிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்குத்தான் செல்லும். கேட் வழிச் சேர்க்கை, சி.சி.எம்.டி., நிம்செட் இவற்றுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் இருக்கும் குடும்பம் என்பதைக் காட்டும்) சான்றிதழ் வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இ-சேவை வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து வாங்க வேண்டும். பழைய தேதியிட்டது செல்லாமல் போகலாம் என்பதால், அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கேட் தகுதி மதிப்பெண்ணே ஓ.பி.சி.க்குப் பொதுப்பிரிவின் 90 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகப் போட்டுவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

படி 6: பணக் கணக்கு

கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பது அரைக் கணக்கு. மாதம் 25,000 ரூபாய்க்கு ஒரு வேலை கையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் 6 லட்சம் போகிறது. தனியார் கல்லூரிக் கட்டணமும் விடுதியும் 4 லட்சம் என்றால் படிப்பின் உண்மையான விலை 10 லட்சம். அண்ணா பல்கலைக்கழகத்திலோ என்.ஐ.டி.யிலோ உதவித்தொகையோடு படித்தால் இந்தத் தொகை வெகுவாகக் குறையும். படித்து முடித்தபின் சம்பளம் எவ்வளவு கூடினால் இது எத்தனை ஆண்டில் திரும்பும் என்று காகிதத்தில் போட்டு, வீட்டில் அப்பா அம்மாவுக்கும் காட்டுங்கள். கடன் பெரும்பாலும் அவர்கள் கையெழுத்தில்தான் வாங்கப்படுகிறது.

கல்விக் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் பின்னால் சுமை குறையும்.

படி 7: வேலையை விடாமல் படிப்பதானால்

அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. செல்லும். இக்னோவிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். சேருமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல் பட்டத்தை அஞ்சல் வழியில் வாங்குவது வேறு கதை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அஞ்சல் வழி எம்.டெக். என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள். பிலானி பிட்ஸ் நடத்தும் வேலையோடு இணைந்த எம்.டெக்.கும், சென்னை ஐ.ஐ.டி. பணியில் இருப்பவர்களுக்காக இணையவழியில் நடத்தும் எம்.டெக்.கும் இதில் சேராது; அவை முறையானவை. பெரிய நிறுவனத்தின் பெயரோடு செயலிகள் விற்கும் "எக்சிகியூட்டிவ் புரோகிராம்" பெரும்பாலும் சான்றிதழ்தான். பட்டம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பி.சி.ஏ., பி.எஸ்ஸி. மாணவர்களை எடுத்து, சம்பளமும் கொடுத்து, எம்.டெக்.கும் படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டமும் இருக்கிறது. வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படுபவர்களுக்கு அது நல்ல வழி. ஒப்பந்த ஆண்டுகளையும் நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

படி 8: வெளிநாடு

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. கட்டணம் இல்லை என்பதால் பணம் வேண்டாம் என்றாகாது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்; மாதாமாதம் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடியும்) ஓராண்டுச் செலவுக்கான தொகையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அது கைக்கு வர வாரங்கள் ஆகும் என்பதால் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். அங்குள்ள தேர்வுக்குழு உங்கள் மதிப்பெண்ணைவிட, எந்தெந்தப் பாடம் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதைத் துருவிப் பார்க்கும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனோ கணிதமோ போதாது என்றால் 90 சதவீதம் வாங்கியவரையும் நிராகரிப்பார்கள். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆங்கிலத்தில் பாடம் படிக்கலாம். வேலைக்கு ஜெர்மன் தெரிந்திருந்தால்தான் நிம்மதி. விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே மொழி கற்கத் தொடங்குங்கள்.

அமெரிக்காவில் கணினி சார்ந்த முதுநிலை முடித்தால் 12 மாதமும் அதன் மேல் 24 மாதமும் வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு ஹெச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தபின் நிலைமை இன்னும் கடினமாகிவிட்டது. அங்கே வேலை நிச்சயம் என்ற கணக்கில் 40, 50 லட்சம் கடன் வாங்கி வீட்டை அடமானம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முழு உதவித்தொகையோடு போகிறவர்களுக்கும் பிஎச்.டி.க்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தாது. மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. மட்டும் முடித்தவர்களைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 9: இடம் கிடைத்தபின்

சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் வாரங்களை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டு எம்.சி.ஏ.வில் மூன்றாம் பருவம் தொடங்கும்போதே கேம்பஸ் நேர்முகம் வந்துவிடும். அதாவது தயாராக உங்களுக்கு இருப்பது ஓராண்டுதான். சி++, ஜாவா, பைதான் மூன்றில் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு கணக்காவது போடுங்கள். முதல் பருவம் முடிவதற்குள் பிடித்த ஆசிரியரின் கட்டுரைகள் இரண்டைப் படித்துவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள். படித்ததில் புரியாத ஒரு இடத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்படி வரும் மாணவரை எந்தக் கைடும் மறக்க மாட்டார். பழைய அரியர் ஏதாவது பாக்கி இருந்தால் சேர்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் கேட்கும். உங்கள் மதிப்பெண் எங்காவது அதற்குக் கீழே இருந்தால், அந்த நிபந்தனை வைக்காத நிறுவனங்களின் பட்டியலைச் சீனியர்களிடம் முதல் மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.